எதிரெடை

முதலில் அளந்தது கடலை அல்ல,
என் இடுப்பை.
குளியலறைக் கதவைத் தாழிட்டுத்
தையல் நாடாவைச் சுற்றிப் பார்த்தேன்.
நுழைவாயின் விட்டம் அதற்கு மேல் நான்கு விரல்.
இனித் தீபாவளிக்கு முறுக்கு எண்ணித்தான்.

ஈசூன், ஒன்பதாம் மாடி.
சாப்பாட்டு மேசையில் வரைபடம்,
மூலைகள் சுருளாமலிருக்க
உப்பு, மிளகுத்தூள், அருள்தாசின் கைப்பேசி, ஊறுகாய்.
எண்ணெய் சொட்டிய இடத்தில்
சுக்கான் இன்றைக்கும் கொஞ்சம் பளபளக்கிறது.

பத்து மீட்டர் ஆழமென்றால்
ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும்
கூடுதலாய் ஒரு கிலோ ஏறி உட்காரும்.
துவாஸில் பிறர் பற்றவைத்ததில்
ஓட்டை தேடுவது என் பிழைப்பு.
என்னுடையதில் தேடும்போது
மூன்று முறை பார்க்கிறேன்,
மூன்று முறையும் நம்பவில்லை.

"மூழ்கிட்டா?" என்று கேட்காத ஆளில்லை.
கணக்கு வேறு சொன்னது:
மூழ்காது.
உருளை ஒதுக்கும் தண்ணீர் ஆயிரத்து ஐம்பது கிலோ.
இரும்பு, மின்கலம், நான், என் தண்ணீர்ப் புட்டி
எல்லாம் சேர்ந்தும் பாதிதான்.
கீழே போவதற்கா இத்தனை பாடு!
தக்கை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும் ஆசையோடு
ஒரு மாதம் ஒரு கோடும் வரையவில்லை.

பிறகு, சுங்கை காடுட் பழைய இரும்புக் கடையில்
மின்தூக்கியின் எதிரெடைக் கட்டைகள்.
எந்தப் புளோக்கோ.
நாற்பது வருடம்
புது மெத்தையும் பள்ளிப்பையும் சக்கர நாற்காலியும்
மேலே போகப் போக
இவை சுவருக்குப் பின்னால்
இருட்டில் இறங்கியிருக்கின்றன.
நான் பேரம் பேசவில்லை.
ஹஸ்னுல் அடிவயிற்றில் வைத்துப் பூட்டிவிட்டு
மலாயில் சொன்னான்:
கவலைப்படாதே, இது இறங்கத் தெரிந்த இரும்பு.

அருள்தாசுக்கு மயக்க மருந்து இயந்திரங்களோடு வேலை.
விட்ட மூச்சைச் சுத்தம் செய்யும் வெள்ளை மணிகளை
வாங்கி வந்து டப்பாவில் நிரப்பினான்.
"ஊதாவா மாறினா ஏறி வந்துடு.
அங்க உக்காந்து கணக்குப் போடாதே."

லிம் சூ காங், சுவாவின் மீன் பண்ணை.
காலி வலைக்கூண்டு, சங்கிலிக் கப்பி, ஆறு மீட்டர்.
மூடி இறுகியது.
கண்ணாடிக் குமிழிக்கு வெளியே முதலில் பச்சை,
அப்புறம் ஆறிப்போன தேநீர்.
பவளமில்லை. ஒன்றுமில்லை.
ஒரு கை தூரத்தில்
பக்கத்துக் கூண்டுக் கொடுவா ஒன்று
வாயைத் திறந்து மூடிப் பார்த்தது.
வலைக்குள் இருப்பது யார் என்று
எங்கள் இருவருக்குமே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மேலே சங்கிலியில் நிமிடத்துக்கொரு தட்டு.
பதிலுக்கு நானும் ஒன்று.
பதினேழாவது தட்டுக்குத்
தாமதமாகிவிட்டது,
வேண்டுமென்று இல்லை.
மணிகள் வெள்ளைதான்.
ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும்
கத்தரிப்பூ நிறம்.