ஒன்று முதல் ஐந்து வரை

மருத்துவமனையிலிருந்து வந்த படிவத்தில்
முப்பத்தாறு கேள்விகள்.
ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை,
ஐந்து என்றால் எப்போதும்.
நான் எண்ணைச் சொல்ல
யெப்பெ பேனாவால் கட்டத்தை நிரப்புகிறான்.

யெப்பெவுக்குச் சம்பளம் தருவது நகராட்சி.
வேலைக்கு எடுத்தது நான்.
நேர்காணலில் ஒரே கேள்விதான்:
மூக்கு அரித்தால் எங்கே சொறிவாய், நுனியிலா, ஓரத்திலா?
ஆறு பேர் பரிதாபமாகச் சிரித்தார்கள்.
இவன் மட்டும்,
"எனக்கா, உனக்கா?" என்றான்.

இரவில் நன்றாக உறங்குகிறீர்களா?

வெளியே எஸ்பியர் துறைமுகத்தின் காற்று.
உள்ளே முகமூடிக்குள் என் காற்று,
கட்டிலோரத்து இயந்திரம் அளந்து தருவது.
இரவில் நான்கு முறை என்னைப் புரட்ட வேண்டும்.
மூன்று மணிப் புரட்டலின்போது யெப்பெ அரைத்தூக்கத்தில் இருப்பான்.
இடது காது மடங்கிக் கிடக்க
அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவான்.
மடங்கிய காதின்மேல் ஒரு தலை
எவ்வளவு கனக்கும் தெரியுமா?
கூப்பிட்டால் வருவான்.
ஆனால் பாவம், இப்போதுதானே படுத்தான்.
அந்த ஆனாலுக்குள் நான் விழித்துக் கிடக்கும் நேரத்துக்கு
இதில் கட்டம் இல்லை.
மூன்று போடு.

சோர்வு?

வியாழன்தோறும் ஹாக்கி.
மட்டை கட்டிய மின்நாற்காலிகள்,
ஆளையும் சேர்த்தால் இருநூறு கிலோ.
என் கையில் மிஞ்சியது ஒரு விரல்,
விரலில் அரை அங்குல அசைவு.
அந்த அரை அங்குலத்துக்குள்
மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கிறது.
போன வாரம் ரிபே அணியின் ஏழாம் எண்ணைத்
தடுப்புப் பலகையோடு சேர்த்து இடித்தேன்.
நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார்.
பிறந்ததிலிருந்து என்னைக் கண்டு
மற்றவர்களுக்கு ஆபத்து என்று ஒருவர் குறித்துக்கொண்டது
அன்றுதான்.
அதன்பின் இரண்டு நாள் தலை நிற்கவில்லை.
"சோர்வு ஐந்து," என்றேன்.
"மகிழ்ச்சிக்கும் அதையே போடவா?"
"அது அடுத்த பக்கம். பொறு."

பெற்றோரைச் சார்ந்திருக்கிறீர்களா?

தனிவீடு வந்த புதிதில்
அம்மா ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வருவாள்.
என் உதட்டில் சாறு வழியும்.
அவள் தன் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள்,
யெப்பெ துடைக்கும்வரை.
இப்போது எனக்கும் அவளுக்கும்
தேர்தல் வந்தால் பெரிய சண்டை.
கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிறாள்.
இத்தனை வருடம் என்னிடம் அவள்
குரல் உயர்த்தியதே இல்லை.

எதிர்காலத்தைப் பற்றி நினைக்கிறீர்களா?

எனக்கு நான்கு வயதில்
ஒரு மருத்துவர் அம்மாவிடம் ஓர் எண்ணைச் சொன்னார்.
அந்த எண் வந்தது, போனது.
பள்ளியில் கணக்கு தப்பியபோது
ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை.
எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.
இப்போது இருபத்தாறு வயதில்
மாலை வகுப்பில் இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டுகிறேன்.
அந்த ஆசிரியர்கள்மேல்
எனக்கு இன்னமும் கோபம் உண்டு.
எழுது, ஐந்து.
கோபத்துக்கா நினைப்புக்கா என்று கேட்காதே.

முப்பத்தொன்று: நெருக்கமான உறவுகள்.
பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்,
பொருந்தாது என்றால் அடுத்ததற்குச் செல்லவும்.

ரிபே அணியின் ஏழாம் எண்ணுக்குப்
பெயர் சிஸ்ஸல்.
இடித்த அன்று இரவே செய்தி அனுப்பினாள்:
"என் பின்சக்கரத்துக்கு யார் காசு தருவது?"
நேற்று இன்னொன்று:
"நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன்."

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
யெப்பெ காத்திருக்கிறான்.

அது அப்படியே வெறுமையாகக் கிடக்கட்டும்.
ரயில் நிலையத்துக்குப் போன் போடு.
சாய்வுப் பலகைக்கு முந்தைய நாளே சொல்ல வேண்டுமாம்.
நாளை இரண்டு மணி,
ரிபேயிலிருந்து வரும் வண்டி.
இல்லை, நான் ஏறுவதற்கு இல்லை.
ஒருவர் இறங்குவதற்கு.