இடுப்பில் துண்டு

செல்லூர்க் கண்மாய்க் கரைக்குக் கீழே
பதினைந்து ரூபாய்க்குப் பச்சைத்தண்ணி.
வெந்நீர் கேட்டால் தையூப் சொல்வான்:
"ஆஸ்பத்திரி அடுத்த தெரு."

ஆலைக்காரன் ஒருவன் கட்டியதாம்.
சங்கு ஊதி வெளியே வரும் தலைகளில்
பஞ்சு, நரை மாதிரி ஒட்டியிருக்கும்.
வீட்டுக்குப் போகுமுன் வயசைக் குறைக்க
இங்கே ஒரு முங்கு.

அப்போது தொட்டிக்கு நடுவே சுவர்.
ஒரே கிணறு, ஒரே வாய்க்கால்.
அந்தப் பக்கம் முதலில் குளிக்கும்,
வழிந்து வருவதை இந்தப் பக்கம் மொள்ளும்.
என் அப்பா மேல் எப்போதும் சோப்பு வாசம் அடிக்குமாம்,
ஒரு நாளும் சோப்பு வாங்காமலே.

இடித்தார்களா, இடிந்ததா,
ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள்.
அடிக்கட்டு மட்டும் ஒரு சாண் மிச்சம்.
அதன்மேல்தான் இப்போது
எல்லோரும் சோப்பு வைக்கிறோம்.

செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு.
அன்றைக்குக் கல்லாவில் ஜமீலா.
சீயக்காய் நுரை தெருவரைக்கும் வரும்,
யாரைப் பற்றியோ ஒரு சிரிப்பும்.

தத்தனேரியில் எரித்துவிட்டு வருகிறவர்களுக்கு
எந்த நாளும் காசில்லை.
ஆற்றில் தண்ணி இருந்தால்
அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்.

எழுதி மாட்டாத சட்டம் ஒன்று உண்டு:
துண்டு கட்டியவனிடம் பாக்கி கேட்கக் கூடாது.
அதனால்தான் நான் இவ்வளவு சுத்தம்.
வட்டிக்குக் கொடுக்கும் சோணைமுத்து
வாசலில் புல்லட்டை நிறுத்தும் நாளெல்லாம்
விரல் சுருங்க, உதடு கறுக்க
ஒன்றரை மணி நேரம் குளிப்பேன்.
மார்கழியிலும்.

நேற்று அவரே உள்ளே வந்தார்.
மோதிரம், வாட்ச், இரண்டு செல்போன்
எல்லாம் தையூப்பிடம் கொடுத்துவிட்டு
துண்டும் தொப்பையுமாக.
முதல் குவளைக்கு "ஆத்தாடி" என்றார்,
நாங்கள் சொல்கிற மாதிரியேதான்.
அப்புறம் திரும்பி உட்கார்ந்தார்.
"கை எட்டல இருளப்பா. கொஞ்சம் தேயி."

தேய்த்தேன்.
நடுமுதுகில் எத்தனை நாள் அழுக்கோ
திரிதிரியாய் உருண்டு வந்தது.
வீட்டில் தேய்க்க ஆளில்லையா என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அதுவும் பாக்கி கேட்கிற மாதிரிதான்,
விட்டுவிட்டேன்.

முதலில் அவர்தான் வெளியே போனார்.
சட்டையை உதறும் சத்தம். சாவிக்கொத்து.
புல்லட் கிளம்பட்டும் என்று
இன்னும் நாலு குவளை ஊற்றினேன்.
அஞ்சாவது.
கிளம்பவில்லை.