இருபத்தோராம் நாள்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
ஏலம் கூவிக்கொண்டிருந்த திம்மராயனுக்கு
பெட்டி நானூத்தி என்றதோடு
வாய் கோணியது.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, ஏழாம் கட்டில்.
ஒன்பது பக்கப் படிவத்தை
நான்தான் படித்துக் காட்டினேன்.
ஆஸ்பிரின் எல்லோருக்கும் உண்டு.
கூடவே வருவது குளோபிடோகிரெலா
வெறும் மாவு மாத்திரையா,
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
அடைப்பு தடுக்கலாம்.
ரத்தம் கசியவும் செய்யலாம்.

"தெரியாமலா தர்றீங்க?"
என்றாள் கெம்பம்மா.
"தெரிஞ்சுக்கத்தான்" என்றேன்.
சொன்ன சொல் வெகுநேரம்
என் நாக்கிலேயே கிடந்தது,
கரையாமல்.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான்.
வலக்கை எழவில்லை.
இடது பெருவிரலை
மைப்பெட்டியில் அவரே ஊன்றினார்.

இன்று போன் செய்கிறேன்.
மூக்கில் ரத்தம்?
இல்லை.
மலம் கருப்பாக?
இல்லை.
முழங்கையில் மட்டும் ஒரு நீலம்,
பெட்டி இடித்ததாம்.
இடித்ததுதானா?
எழுதிக்கொள்கிறேன்.

பின்னால் மண்டி இரைச்சல்.
"இருங்க சிஸ்டர்" என்று
போனை விலக்கிக் கூவுகிறார்:
முன்னூத்தி...

...எண்பது.

விலை இறங்கியிருக்கிறது.
நடுவில் மூன்று வினாடி.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில்
பென்சிலால் குறிக்கிறேன்.