ஏழாவது கேள்வி

வால்டிவியாவில் மழை விடாத மாதம்.
வகுப்பில் விறகடுப்பு புகைந்தது,
ஈரக் கம்பளி நாற்றம்.
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
பெயர் வேண்டாம், கட்டத்தில் டிக் போட்டால் போதும்.

ஏழாவது கேள்வி:
செயற்கைச் சுவாசத்தைத் தொடங்காமல் இருப்பதும்
தொடங்கியதை நிறுத்துவதும் ஒன்றே.

ஒன்றுதான் என்றான் நிபால்டோ,
பேனா மூடியைக் கடித்தபடி.
எப்படிக் கழித்தாலும் மிச்சம் பூஜ்யமென்றால்
வழியைப் பற்றி என்ன பேச்சு என்பான்.

ஒன்றில்லை, கைக்குத் தெரியும் என்றாள் யாஸ்னா.
கதவைத் திறக்காதவனும்
உள்ளே வந்து உட்கார்ந்தவனை
எழுப்பி அனுப்புகிறவனும் ஒரே ஆளா?

மில்யாராய் தாளைத் திருப்பினாள்.
பின்பக்கம் வெறுமை.
"எங்கள் பக்கம் இதைக் கேட்டால்
நாற்பது பேர் கூடி உட்காருவார்கள்.
அவர்களுக்குக் கட்டம் எங்கே?"

நான் 'கருத்து இல்லை'யில் போட்டேன்.
பசி வேறு.

ஆகஸ்டில் பயிற்சி. நான்காம் படுக்கை.
கொரால் துறை மீன்காரர் எலியேசர்,
மூளையில் ரத்தம் கசிந்து பதினோரு நாள்.
மகள் கையெழுத்துப் போட்டாயிற்று.
குமிழைத் திருப்ப மருத்துவர் இருக்கிறார்.
எனக்கு இட்ட வேலை
அலறப்போகும் மணியை முன்கூட்டியே ஊமையாக்குவது.
அதைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை.

குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரி
மீசையையும் சேர்த்துப் பிடித்திருந்தது.
"இழுத்தால் வலிக்காதா?" என்றாள் மகள்.

வலிக்காது என்று படித்திருக்கிறேன்.
ஸ்கேனையும் பார்த்திருக்கிறேன்.
வாய் வரவில்லை.

எண்ணெய்ப் புட்டியை உள்ளங்கைகளுக்குள் பொத்திச்
சூடேற்றினோம், முதலில் நான், பிறகு அவள்.
மயிர் மயிராக விடுவித்தோம்.
இருபது நிமிடம். மருத்துவர்
கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.
ஆற்றுப் பக்கமிருந்து கடற்சிங்கங்களின் சண்டைச் சத்தம்.
"அப்பாவின் வலையைக் கிழிக்கிற பயல்கள்" என்று
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல்
என் தோளில் வைத்தாள்.

பிறகு குமிழ்.
பிறகு மழை மட்டும்.

டிசம்பரில் அதே தாள் திரும்ப வந்தது,
எங்கள் கருத்து மாறியதா என்று அளக்க.
நிபால்டோ வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தான்.
ஏழாவதை நான் காலியாக விட்டேன்.
பின்பக்க வெறுமையில் எழுதினேன்:

எண்ணெயை முதலில் சூடாக்கவும்.