எடைச்சீட்டு

சித்திரங்கோட்டுக் குவாரியில்
எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கூண்டுக்குள்
கல்லுக்குச் சீட்டு எழுதுகிறவள் நான்.
வண்டி எண். பொருள். வெறும் எடை. பார எடை.
சேரும் இடம்.
வயதுக்குக் கட்டம் கிடையாது.

ஆய்வுக்கு வந்த ஃபர்சானா,
கனிமவளத் துறை, சொந்த ஊர் திருவிதாங்கோடு,
புதிதாய் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
நாக்கால் நக்கினாள்.
ஈரம் பட்டால்தான் நிறம் தெரியுமாம்.
சாம்பல் வரி, வெள்ளை வரி,
நடுவே மாதுளை உதிர்த்துப் போட்டது போலச் சிவப்பு.
"இது சேறாக்கும் அக்கா,
கடலுக்கடியில கெடந்த சேறு" என்றாள்.
பிறகு
அபராதக் கணக்கு எழுதப் போய்விட்டாள்.

சேறு.
அன்றைக்கு எனக்கு டீ ஆறிப்போனது.

நாகர்கோவிலில் ஏறி
கன்னியாகுமரியில் இறங்குகிறோமே,
அந்தப் பாதையை அப்படியே செங்குத்தாக நிறுத்தினால்
அவ்வளவு ஆழத்தில் புதைந்திருந்ததாம்.
உருகவில்லை; உருகியிருந்தால் அதற்கு வேறு பெயர்.
உருகுவதற்குச் சற்று முன்னே நின்று
தன்னிடம் இருந்ததையே
வேறு வரிசையில் அடுக்கிக்கொண்டது.
களிமண்ணில் கண்ணுக்குப் படாமல் கிடந்த இரும்பு
சிவப்பு மணியாய்த் திரண்டது.

உருகியதும் உண்டு.
குவாரி முகப்பில் குறுக்காக ஓடும் வெள்ளாங்கல் நரம்பு
விரிசலுக்குள் கொதித்து நுழைந்த கூழ்.
பைய ஆறியதால்
துண்டு துண்டாய்ப் பளபளக்கிறது.
துளைபோடும் ராசையனுக்கு அதைக் கண்டாலே ஆகாது,
பிட் வழுக்கும்.

"கல்லு மாதிரி இருக்கா" என்பார்கள்
புகுந்த வீட்டில் என்னை.
மாறாதவள் என்று அர்த்தமாம்.
இப்போதெல்லாம் அதைக் கேட்டால்
எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

லாரி ஓட்டும் மரிய வியானி
ஸ்கேன் தாளைச் சன்னலுக்குள் நீட்டினார்.
சிறுநீரகத்தில் ஏழு மில்லிமீட்டர்.
"இதுக்கும் ஒரு சீட்டு போடும்."
எங்கள் கணக்கில் அது சிப்ஸ்கூட இல்லை என்றேன்.
ஆனால் கரைந்திருப்பது படிவதும்
கல் பிறக்கும் ஒரு வழிதான்.
கடற்கரையில் சிப்பித்தூளும் மணலும்
சுண்ணாம்பு குடித்து ஒட்டிக்கொள்கிறதே,
காலில் குத்துகிறதே,
அது என்ன?

இன்று அவர் வண்டியில் பெருங்கல்.
சேரும் இடம்: குறும்பனை, தூண்டில் வளைவு.
அவருடைய ஊர்.
போன ஆனியில் அவர் வீட்டு அடுக்களைவரை வந்த கடல்
கேஸ் அடுப்பைக் கொண்டுபோய்
மூன்றாம் நாள் திருப்பித் தந்தது.

ஐம்பத்தைந்து கோடி வருஷம் கல்லாகக் கிடந்துவிட்டு
தக்கலை சிக்னலில் நின்று
திங்கள்நகர் நெரிசலில் ஹாரன் அடித்து
சேறு
வீட்டுக்குப் போகிறது.

கிரேன் தூக்கி எறியும். அலை மோதும்.
வியானியின் பேரன் பேத்திகளுக்குத் தெரியாத அளவு பைய
அது முனை மழுங்கும்.
சிவப்பு மணிகள் கழன்று
கருமணலோடு கரையில் கோடாய் ஒதுங்கும்.
மிச்சம் களிமண்ணாகி
ஆழத்துக்கு இறங்கும்,
மறுபடியும் புதைய.

சீட்டின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி உண்டு.
யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை.
'திரும்புகிறது' என்று எழுதினேன்.
ரிஜெக்ட் ஆன லோடு என்று நினைத்து
ஆபீஸிலிருந்து போன் வந்தது.
அடித்துவிட்டேன்.

எடைமேடையின் மிகச்சிறிய படி பத்துக் கிலோ.
அதற்குக் கீழே எதுவும் அதற்குத் தெரியாது:
வியானியின் ஏழு மில்லிமீட்டர்,
என் பேனா,
சட்டைக் கழுத்தில் படியும் வெள்ளைத் தூசி.

சாயங்காலம் மேடையைக் கூட்டினால்
ஒரு முறம் தேறும்.
ஓடையில் தட்டுகிறேன்.
ஓடை வள்ளியாற்றுக்கு,
ஆறு கடியப்பட்டணத்துக்கு, கடலுக்கு.
வியானியின் லாரியைவிட மெதுவாகத்தான் போகும்.

ஃபர்சானா பார்த்தால்
இதற்கும் அபராதம்.