காலுறைப் பகுதியில் நிற்பவன்

கிளம்பும்போதே மிலென்கா ஒரு தாளை நீட்டினாள்.
கடையில் நான் செய்யக் கூடாதவை.
ஒன்று: அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.
எந்தச் சொல் என்று கேட்கவும் கூடாது.
இரண்டு: எதையும் தூக்கிப் பிடித்து
"இது எப்படி?" என்று கூவக் கூடாது.
மூன்று: காலுறைப் பகுதியைத் தாண்டக் கூடாது.
நான்காவதை எழுதி, அடித்திருந்தாள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அழுத்தமான அடி.

புன்டா அரேனாஸில் அன்று
நாயையும் நகர்த்துகிற காற்று.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
மூவரும் ஒருவர் பின் ஒருவராக.
சின்னவள் ரயேன் என் கோட்டுப் பையில் தொங்கினாள்.
"எனக்கு எப்போ வாங்குவீங்க?"
"காத்து உன்னைத் தள்ளாத எடை வந்ததும்."
"அப்பா!" என்றாள் பெரியவள்.
அந்தச் சொல்லை நான் சொல்லவேயில்லை,
இருந்தாலும் சொன்னதுபோல்தான் போல.

துறைமுகத்தில் எடைமேடை என் வேலை.
நண்டுப் பெட்டியைப் பார்த்தே கிலோ சொல்வேன்.
கயிற்றின் தடிமன், திருகாணியின் அளவு
இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.
இங்கே ஒரு சுவர் முழுக்க
எண்ணும் எழுத்தும் கலந்து தொங்குகின்றன.
படிக்கத் தெரியாதவனாகக் காலுறைகளின் நடுவே நின்றேன்.

யாஸ்னா இருந்திருந்தால் பத்து நிமிடம்.
அவள் தெற்கே, பனிக்கடலில்,
ஆய்வுக்கப்பலில் நாற்பது பேருக்குச் சமைக்கிறாள்.
மார்ச்சில்தான் கரை.
நேற்றிரவு போனில் துண்டு துண்டாகக் குரல்:
"பருத்தி... கம்பி வேண்டாம்... இறுக்கமா இல்லாம...
அவளே..."
பிறகு உப்பைச் சலிக்கிற மாதிரி ஒரு சத்தம்.
அவளே என்ன?
அவளே பார்த்துக்கொள்வாள் என்றா,
அவளே கேட்டாலொழிய வாயைத் திறக்காதே என்றா?

தூரத்தில் மிலென்காவின் நீலத் தொப்பி மட்டும் தெரிந்தது.
ஒரு பொட்டலத்தை எடுக்கிறாள், வைக்கிறாள்,
பக்கத்தில் யாரோ வந்தால்
துண்டுகளின் விலையைப் பார்க்கிறாள்.

அப்போதுதான் கடைக்காரம்மா,
நல்ல மனுஷிதான், தொண்டை மட்டும் படகோட்டியுடையது,
கடையின் அந்தக் கோடியிலிருந்து:
"முதல் தடவையா, கண்ணு? அளவு எடுக்கட்டுமா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.
மீன் ஆலையின் இரண்டு பையன்கள் திரும்பினார்கள்.
நீலத் தொப்பி அப்படியே உறைந்தது.

நான் யோசிக்கவில்லை.
முழங்கையால் காலுறை அடுக்கை ஒரு தள்ளு.
இரும்புச் சட்டம், முந்நூறு ஜோடி இருக்கும்,
அலையடித்த மாதிரி விழுந்தது.
மொத்தக் கடையும் என்னைப் பார்த்தது.
"குருட்டுக் கோணங்கி!" என்றாள் கடைக்காரம்மா.
"ஆமாம்மா," என்றேன், மண்டியிட்டுப் பொறுக்கியபடி.
ரயேன் உற்சாகமாக
வலதை இடதிலிருந்து பிரித்து வைத்தாள்.

கல்லாவுக்கு வந்தபோது கூடையின் அடியில்
இரண்டு பொட்டலங்கள், குப்புறப் படுத்திருந்தன.
மேலே மானம் காக்கப் பதினோரு ஜோடிக் காலுறை.
நான் கூரை விளக்குகளை எண்ணினேன். ஒன்பது.

திரும்பும்போது கயிற்றருகே அவள்,
காற்றுக்கு முதுகு காட்டி:
"நாலாவது என்னன்னு தெரியுமா?"
"தெரியாது."
"கூட வராதீங்கன்னு எழுதினேன்."
அதற்குமேல் காற்று பேசவிடவில்லை.

மறுநாள் விடிகாலை, விறகடுப்பின் மேல் கொடியில்
என் வேலை அங்கி, இரவில் பிழிந்து போட்டது.
அதன் மடிப்புக்குள் ஒளிந்து
சின்னதாக, வெள்ளையாக வேறொன்றும் காய்ந்துகொண்டிருந்தது.
மறைவுக்கு வேண்டி அங்கியை நாலாக மடித்திருக்கிறாள்;
உள்பக்கம் அப்படியே ஈரம்.

விரித்துப் போட்டால் காய்ந்துவிடும். மணி ஐந்தரை.
தம்பியின் பழைய அங்கியும் கிழிந்து கிடக்கிறது.
என்னுடையதைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு,
அந்த இடத்தில் ஒரு துண்டை அதே மடிப்பில் தொங்கவிட்டு,
ஈரத்தோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எடைமேடையில் ஏறி நின்றேன்.
முந்நூறு கிராம் கூடுதல்.