பதினேழாம் தகடு

எடை போடுவது என் வேலை.
சீனி இபுராகிம், மண்டபம், உப்புக்காற்றுச் சோதனைத் திடல்.
கடலைப் பார்த்துச் சாய்த்த சட்டத்தில்
உள்ளங்கை அகல இரும்புத் தகடுகள்.
அவிழ்த்து, அமிலத்தில் அலசி, துரு போக்கி, உலர்த்தி
மில்லிகிராம் வரை எழுதுவேன்.
இருந்ததில் இருப்பதைக் கழித்தால்
காற்று தின்றது எவ்வளவென்று வரும்.

அறுபத்தாறில் ஒருவர் வந்தார்,
கிளிஃபர்ட் ஹெய்ஸ், உருக்காலை இன்ஜினீயர்.
ரயிலிலிருந்து இறங்கும்போதே கழுத்தெல்லாம் வேர்க்குரு.
கார்ல்பி என்ற ஊரில் வார்த்த இருபது தகடுகளை
மெழுகுத்தாளில் சுற்றி மடியிலேயே கொண்டுவந்திருந்தார்.
"வருடத்துக்கு ஒன்றாக எடுங்கள். அவசரமில்லை.
அவசரப்பட்டவன் கட்டிய பாலத்தில்
நான் ரயில் ஏறமாட்டேன்."

பதினொரு நாள் இருந்தார்.
மீன் குழம்பைத் தொட்டுப் பார்த்தார், தொட்டதோடு சரி.
ஒரு சாயங்காலம் கேட்டார்:
போன வாரம் வடகடலில் நின்ற வள்ளங்கள்
இன்று ஏன் தென்கடலில்?
காற்று மாறிவிட்டது சார்.
கச்சானுக்கு அந்தப் பக்கம், வாடைக்கு இந்தப் பக்கம்.
"அப்படியானால் உங்கள் ஆட்களுக்குக் கொள்கை கிடையாதா?"
வள்ளம் இருக்கிறது சார்.
சிரித்தார். நோட்டில் குறித்துக்கொண்டார்.

நான்காம் தகட்டின் கணக்கை அனுப்பிய வருடம்
பதில் வேறு தாளில் வந்தது,
தலைப்பில் கோட்டைக் கதவின் படம் அச்சிட்டு.
பழமைவாதக் கட்சி. கார்ல்பி தொகுதி.
உலைக்காரர்களா இவருக்கு ஓட்டுப் போட்டார்கள்?
போட்டார்களாம், கொஞ்சம் பேர்,
உலையருகே கருகிய புருவத்தைப் பார்த்து.
கீழே மையில்:
'புதிதாக எதையும் கட்டப் போகவில்லை, சீனி.
இருப்பது துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான்.'
திடல் வாசலில் எழுதிப் போடலாமே என்றேன்
டைரக்டரிடம். அவர் டீயை உறிஞ்சினார்.

பத்தாம் தகட்டுக்கு நன்றியும் கையெழுத்தும்.
பன்னிரண்டுக்கு நன்றி மட்டும், டைப் அடித்தது.

பதினான்கிற்குத்தான் நீளமான கடிதம்.
ஆலையை மூடும் தீர்மானம்.
அங்கே கை தூக்கமாட்டார்களாம், எழுந்து நடக்க வேண்டுமாம்.
ஆம் என்பவர்களுக்கு ஒரு நடைவழி,
இல்லை என்பவர்களுக்கு இன்னொன்று.
வாசலில் நின்று தலையை எண்ணுவார்களாம்.
'ஆம் பக்கம் நடந்தேன். டன்னுக்கு இத்தனை பவுன் நட்டம்.
கணக்கு சரி. எப்படிப் போட்டாலும் கணக்கு சரி.
கணக்கில் பிழை இல்லை.'

ஒரே கணக்கை மூன்று முறை போடுகிறவனை
எனக்குத் தெரியும்.
தராசு முள் நிற்காத நாளில் நானும் அப்படித்தான்.

இருநூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றார்.
அதன் பிறகு ஒரே ஒரு கடிதம், கதவுப் படம் இல்லாமல்:
'ஆலை இருந்த இடத்தில் ஆணிகூட மிச்சமில்லை.
பெயர்ப்பலகையையும் காயலானுக்குப் போட்டுவிட்டார்கள்.
பதினேழு இருக்கிறதா?'

இருந்தது.
விளிம்பு அப்பளமாகப் பொரிந்து,
தட்டினால் சத்தமில்லாமல்.
கடலுக்கு முதுகு காட்டிய பக்கத்தில்
அந்த ஊரின் முத்திரை,
ஓரெழுத்து குறைய, படிக்கும்படியாகவே.

அப்படியே துணியில் சுற்றி அனுப்பியிருக்கலாம்.
ராத்திரி முழுக்க அதை யோசித்தேன்.
ஆனால் அவர் முதல் நாளே சொன்னது எடை.
எடை கேட்டவருக்கு எடைதான் மரியாதை.

அமிலத்தில் இறக்கினேன்.
துருவில்தான் எழுத்து நின்றிருக்கிறது,
இரும்பில் இல்லை.
தொட்டி செந்நிறமாகிக் கலங்கி அடங்கியபோது
என் கையில் ஊர் பெயர் இல்லாத ஒரு துண்டு.

மூன்று முறை எடை போட்டேன்.
மூன்று முறையும் ஒன்றே வந்தது.
கணக்கு சரி என்று எழுதி, வெட்டி,
எண்ணை மட்டும் அனுப்பினேன்.

கச்சான் எழும்பியிருந்தது. வள்ளங்களை
வடக்கே சுற்றிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது
சட்டத்தில் இருந்தன.
யாரும் கேட்டு எழுதவில்லை.
வருடத்துக்கு ஒன்றாக அவிழ்த்தேன்.